பத்து சதவீதத்துக்குக் கீழே

மேடை விளக்குகளை ஏற்றி இறக்குகிற புது லைட் போர்டு வந்திருக்கிறது என்றால் எங்கள் ஆட்கள் முதலில் கேட்கும் கேள்வி "எத்தனை யூனிவர்ஸ்?" என்பதுதான். நாலு, எட்டு, பதினாறு என்று பதில் பெரிதாகப் பெரிதாகத் தலைகள் பலமாக ஆடும். ஒரு யூனிவர்ஸ் என்பது 512 சேனல். சேனல் என்றால் லைட்டின் ஒரு குணத்தை, வெளிச்சத்தையோ ஒரு நிறத்தையோ, ஓட்டுகிற ஒரு வழி. எல்இடி பார் விளக்கு ஒன்று ஏழெட்டு சேனல் தின்னும், தலை திரும்பி ஆடுகிற மூவிங் ஹெட் பதினாறோ இருபதோ. வேலூர் வட்டாரத்தில் ஊர்த் திருவிழா மேடைக்கு ஏற்றுகிற மொத்தச் சரக்கும் அந்த 512க்குள் அடங்கிவிடும். பதினாறு யூனிவர்ஸை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்யப் போகிறோம் என்று யாரும் கேட்பதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி இல்லாமல் பேச்சு தொடங்காது.

காட்பாடிப் பக்கம் லைட் வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் இப்போது பெரிய கன்சோல் போர்டு ஒன்று வாங்கியிருக்கிறார். எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. எழுதினால் பாதிப் பேர் இதை விளம்பரம் என்பார்கள், மீதிப் பேர் வசை என்பார்கள். இரண்டு டச் ஸ்கிரீன், மோட்டார் வைத்த ஃபேடர்கள் (மேலும் கீழும் தள்ளுகிற ஸ்லைடர்கள்), கால்குலேட்டர் மாதிரி எண் பட்டன்கள், விரலால் சுற்றுகிற என்கோடர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தன் குடோனுக்கு எங்களைக் கூப்பிட்டார். பழைய டிம்மர் போர்டு காலத்திலிருந்தே இந்தத் தொழிலில் இருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். காலேஜ் கல்ச்சுரல்ஸ்களுக்கு லைட் போட்டுப் பழகிய தம்பி ஒருவன். லைட்டுக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிக்கொண்டே எல்லாவற்றையும் பார்த்துவிடுகிற சவுண்டு பாய். அப்புறம் நான்.

போர்டு ஆன் ஆனதும் ஃபேடர்கள் எல்லாம் தாமாகவே மேலே போய்க் கீழே வந்து நின்றன. அண்ணன் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "இன்னாபா இது, ஸ்லைடரு தானா ஓடுது?" என்றார். பக்கம் மாற்றினால் அந்தப் பக்கத்தின் அளவுக்கு ஃபேடர் தானாகப் போய் நிற்கும் என்று தம்பி விளக்கினான். "அப்ப நம்ம கைக்கு இன்னா வேல?" என்றார் அண்ணன். அன்று பேசப்பட்டதில் உருப்படியான கேள்வி அதுதான். அடுத்த சில மணி நேரம் நாங்கள் வேறு வேறு வழியில் சுற்றி வந்ததும் அந்தக் கேள்விக்குத்தான்.

எங்கள் பக்கம் பெரும்பாலானவர்கள் கையில் இருப்பது 192 சேனல் போர்டு. பன்னிரண்டு லைட், லைட்டுக்குப் பதினாறு சேனல், பேங்க் என்கிற தொகுப்புக்கு எட்டு சீன் (பதிந்து வைத்த வெளிச்ச அமைப்பு) வீதம் முப்பது பேங்க், ஆக 240 சீன். பார்க்க எளிதாக இருக்கும், ஓட்டுவது எளிதில்லை. ஒரு சீனிலிருந்து அடுத்த சீனுக்குப் பட்டென்று தாவும். மெதுவாக மாற வேண்டுமென்றால் அதற்கு நேரம் வைக்கிற வழி சரியாக அமையாது. டான்ஸ் நிகழ்ச்சிக்கு அது போதும். நாடகத்துக்குப் போதாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அதிலேயே ஓட்டினோம், ஏனென்றால் இருந்தது அதுதான்.

அதற்கு முன்னால் இருந்தது ஆலஜன் காலம். 1000 வாட் பார் கேன் இருபத்து நாலு தொங்கவிட்டால் 24 கிலோவாட். மூன்று பேஸுக்குப் பிரித்தாலும் பேஸுக்கு 35 ஆம்பியர் இழுக்கும். ஊர்க் கோயில் விழாவில் அந்த லோடுக்கு ஜெனரேட்டர் வைத்தால் டீசல் காசு நாடகக் கம்பெனியின் சம்பளத்தைத் தாண்டிவிடும். வேலூர் வெயிலில் பகல் முழுக்கக் காய்ந்த மேடைக்கு மேல் ராத்திரியும் அந்தச் சூடு இறங்கும், அரிதாரம் வழிந்துவிடும். 180 வாட் எல்இடி பார் வந்ததும் அதே இருபத்து நாலு லைட்டுக்கு நாலரை கிலோவாட்கூட ஆகவில்லை. எல்லோரும் மாறினோம். மாறியதில் போனது என்ன என்று அப்போது யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

போனது இறக்கம். மேடையில் விளக்கு மெதுவாக அணைவதைத்தான் சொல்கிறேன். ஆலஜன் பல்பில் கம்பி பழுக்கக் காய்ந்து எரிகிறது. கரண்டைக் குறைத்தால் கம்பி உடனே குளிர்ந்துவிடாது, பின்தங்கித்தான் குளிரும். அந்தப் பின்தங்கல்தான் கண்ணுக்கு மெருகாகத் தெரிந்தது. குறையக் குறைய வெள்ளை மஞ்சளாகும், மஞ்சள் செம்பழுப்பாகும். சாகப் போகிறவன் முகத்தில் அந்தக் கடைசி வெளிச்சம் விழுந்தால் வசனமே வேண்டாம். எல்இடிக்கு இந்தப் பின்தங்கல் இல்லை. சொன்ன நொடியில் மாறும். அதோடு எண்களின் சிக்கல் ஒன்றும் இருக்கிறது. போர்டிலிருந்து லைட்டுக்குப் போகிற டிஎம்எக்ஸ் சிக்னல் 1986இல் அமெரிக்காவின் யுஎஸ்ஐடிடி அமைப்பு வகுத்தது. ஒரு சேனலில் அது சொல்லக்கூடியது 0 முதல் 255 வரை ஓர் எண், அவ்வளவுதான். நூறிலிருந்து நூற்றொன்றுக்குப் போனால் கண்ணுக்குத் தெரியாது. இரண்டிலிருந்து ஒன்றுக்கு இறங்கினால் வெளிச்சம் பாதியாகிறது. ஒன்றிலிருந்து பூஜ்யத்துக்கு என்றால் பட்டென்று இருட்டு. பத்து சதவீதத்துக்குக் கீழே மொத்தம் இருபத்தைந்து படிகள்தான் இருக்கின்றன. ஒரு நிமிடத்தில் விடிய வேண்டிய காட்சியில் அந்தக் கீழ்ப்படிகளை ஒவ்வொன்றாக எண்ணியே விடலாம்.

அதனால் யூனிவர்ஸ் கணக்கெல்லாம் முடிந்ததும் ஷட்டரை இறக்கிவிட்டு இதைத்தான் சோதித்தோம். சுவரில் இரண்டு வகை லைட் அடித்தோம். ஒன்று நாங்கள் தினமும் எடுத்துப் போகிற விலை மலிந்த பார். இன்னொன்று வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மருக்கு இரண்டு சேனல் உள்ள கொஞ்சம் நல்ல சரக்கு, அதாவது 256 படிகளுக்குப் பதில் 65,536 படிகள். இரண்டுக்கும் ஒரே முப்பது விநாடி இறக்கம். நல்ல லைட் கரைந்துகொண்டே போனது, எங்கே அணைந்தது என்று சொல்ல முடியவில்லை. மலிந்த பார் கடைசியில் தத்தித் தத்தி இறங்கி, சட்டென்று செத்தது. இரண்டையும் ஓட்டியது ஒரே போர்டு.

அண்ணன் கை கட்டிக்கொண்டு பார்த்தார். "இது போர்டு தப்பு இல்ல" என்றார். சரிதான். எத்தனை லட்சம் போட்டுப் போர்டு வாங்கினாலும் கடைசி ஒயரில் போவது அந்த 1986 கணக்குதான். லைட் இரண்டு சேனலில் கேட்கத் தெரிந்ததாக இருந்தால் மட்டுமே போர்டு நுணுக்கமாகச் சொல்ல முடியும். புது போர்டைத் தொட்டதும் எங்களுக்கு முதலில் உறைத்தது இதுதான். விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்வதில்லை. மலிந்த லைட்டுக்கும் ஒரு வழி உண்டு. அதன் பின்பக்க மெனுவில் டிம்மர் வேகம் என்று ஓர் இடம் இருக்கும். அதை மெதுவில் வைத்தால் லைட்டே படிகளுக்கு இடையில் சமாளித்துக்கொள்ளும். தம்பி அதை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டினான். முழுக்கச் சரியாகவில்லை, பாதி சரியானது. திருவிழா மேடையில் புகையும் தூசியும் மீதியை மறைத்துவிடும்.

ஆனால் போர்டு தன் பங்குக்குச் செய்த ஒரு வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரே க்யூவில், அதாவது பதிந்து வைத்த ஒரு வெளிச்ச மாற்றத்தில், வெளிச்சத்துக்கு ஒரு நேரமும் நிறத்துக்கு வேறு நேரமும் வைக்கலாம். வெளிச்சம் இருபது விநாடியில் இறங்கட்டும், நிறம் அதற்கு முன்பே ஆம்பர் பக்கம் சாயத் தொடங்கட்டும் என்று வைத்துப் பார்த்தோம். ஆலஜன் அணைகிற மாதிரியே இருந்தது. மாதிரி என்றுதான் சொல்வேன். அண்ணன் மூன்று நான்கு தடவை திரும்ப ஓட்டச் சொன்னார், ஒன்றும் சொல்லவில்லை. பாய் மட்டும், "சவுண்டுல இத நாங்க எப்பவோ பண்ணிட்டோம்" என்றார். அவர் எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

அடுத்து நிறம். கூத்து பார்த்தவர்களுக்குத் தெரியும், துரியோதனனுக்குச் சிவப்பு முகம். அந்தச் சிவப்பின் மேல் புருவத்தை ஒட்டி வெள்ளைப் புள்ளிகள் வைப்பார்கள். ஒப்பனையில் அதிக நேரம் பிடிப்பது அந்தப் புள்ளி வேலைதான். இப்போது ரௌத்திரக் காட்சி என்று மேடை முழுக்க எல்இடி சிவப்பைக் கொட்டுகிறோம். எல்இடி சிவப்பு என்பது சிவப்பைத் தவிர வேறெதுவும் இல்லாத சிவப்பு. அதில் சிவப்புச் சாயமும் வெள்ளைப் புள்ளியும் ஒரே அளவு திருப்பி அடிக்கும். புள்ளிகள் காணாமல் போய்விடும். மணிக்கணக்கில் உட்கார்ந்து போட்ட வேஷம் வெறும் சிவப்புத் தகடாகிவிடும். நீலம் அடித்தாலோ அதே முகம் கரிக்கட்டை. பழைய ஆலஜன் முன்னால் சிவப்புத் தாள் வைத்தபோது கொஞ்சம் மற்ற நிறங்களும் கசிந்தன, அதனால் தப்பித்தோம். இந்தப் போர்டின் கலர் பக்கத்தில் ஏற்கெனவே செய்து வைத்த நிறங்கள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொன்றும் மினுக்குகிறது, அரிதாரத்துக்கு ஒன்றும் உதவாது. முன்னால் இருந்து வார்ம் வெள்ளை எப்போதும் கொஞ்சம் இருக்க வேண்டும், சிவப்பு பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும் வரட்டும் என்று எங்களுக்கான நிறங்களை நாங்களே செய்து சேமித்தோம். மூவிங் ஹெட்டை நேராக வேஷக்காரன் மேல் அடிப்பதும் வேண்டாத வேலை. கிரீடத்திலும் புஜத்திலும் மார்பிலும் பதித்திருக்கும் கண்ணாடித் துண்டுகள் அதை வாங்கிக் கூட்டத்தின் கண்ணிலேயே எறியும். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் அதே கண்ணாடி மினுமினுத்தது. அந்த அளவு வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்ட வேஷம் அது.

சரி, அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். கைக்கு என்ன வேலை?

இந்த மாதிரிப் போர்டு எழுதி வைத்த நாடகத்துக்காகச் செய்யப்பட்டது. ஒன்றாம் க்யூ, இரண்டாம் க்யூ என்று வரிசையாகப் பதிந்துகொண்டு, அந்த அந்த வசனத்தில் கோ பட்டனை அழுத்தினால் போதும். அதில் டிராக்கிங் என்று ஒரு கணக்கு இருக்கிறது. பழைய போர்டில் ஒவ்வொரு சீனும் முழுப் படம். இதில் ஒவ்வொரு க்யூவும் மாறியதை மட்டும் பதிந்துகொள்ளும். பன்னிரண்டாம் க்யூவில் பின்திரைக்கு நீலம் சொன்னால், வேறு கட்டளை வரும் வரை பதிமூன்று, பதினான்கு எல்லாவற்றிலும் நீலம்தான். பிறகு பன்னிரண்டில் அதை ஊதாவாக்கினால் பின்னால் உள்ளதெல்லாம் ஊதாவாகும். ஒத்திகையில் டைரக்டர் மனசு மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். நடுவில் ஐந்து க்யூ தாண்டிக் குதித்தாலும் அந்த இடத்தில் எது எரிய வேண்டும் என்பதைப் போர்டே கூட்டிக் கழித்துக் கொண்டுவந்துவிடுகிறது. கல்லூரி மேடையில் எழுதப்பட்ட நாடகத்துக்கு இது வரப்பிரசாதம். டவுனில் சபா நாடகம் போடுகிறவர்களுக்கும் அப்படியே.

ஆனால் எங்கள் வேலையில் பெரும்பங்கு வடாற்காட்டுக் கூத்தும், கூத்துக்கும் நாடகத்துக்கும் நடுவில் நிற்கிற திருவிழா மேடை நாடகமும்தான். 1989இல் ஜில்லாவைப் பிரித்தார்கள், 2019இல் வேலூரையே மூன்றாகப் பிரித்தார்கள். கூத்துக்காரர்கள் மட்டும் செய்யாறு, ஆரணி, ஆற்காடு, குடியாத்தம் என்று பழைய வடாற்காட்டையே சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் க்யூ என்பதே கிடையாது. இரண்டு பேர் திரை பிடிக்கிறார்கள், பின்னால் வேஷக்காரர் நின்று பாடுகிறார். திரை எப்போது விலகும்? அவருக்கும் முகவீணைக்காரருக்கும் தெரியும், சில நாள் அவர்களுக்கும் தெரியாது. கூட்டம் குறைவாக இருந்தால் இழுப்பார். ஊர்ப் பெரியவர் அப்போதுதான் வந்து உட்கார்ந்தால் அதே விருத்தத்தை இன்னொரு முறை எடுப்பார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் நடுவில் புகுந்து பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் துரியோதனன் சபையே அரை மணி நேரம் காத்திருக்கும். வரிசைப்படி பதிந்து வைத்த நாற்பது க்யூவும் அங்கே செல்லாக்காசு.

தம்பி கொஞ்ச நேரம் இதற்குச் சண்டை போட்டான். "முன்னாடியே அவங்ககிட்ட பேசி வச்சுக்கலாம்ணா" என்றான். அண்ணன் சிரித்தார். புரிசை மாதிரி ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஆடுகிறவர்களிடம் போய், நீங்கள் சரியாகப் பதினோராவது நிமிடத்தில் திரையை விலக்குங்கள் என்று யார் சொல்வது? கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப தம்பிரான் சென்னையில் கூத்துப்பட்டறை நாடகக் குழுவோடு சேர்ந்து நவீன மேடைக்கும் வேலை செய்தவர். அங்கே அளவெடுத்து ஆடினார்கள். ஊர்ப் படுகளத்தில் அளவு வேறு. லைட்டுக்காரன்தான் ஆட்டத்தின் பின்னால் போக வேண்டும்.

ஆகவே கோ பட்டனை ஓரமாக விட்டுவிட்டு, ஃபேடர்களைப் பங்கு பிரித்தோம். திரைக்கு ஒன்று, முன்பக்கம் மட்டும் குறுகி விழும். வேஷம் வெளிப்பட்டுச் சுழன்று ஆடும்போது ஒன்று. சபைக்கு ஒன்று. சண்டைக்கு ஒன்று. கட்டியங்காரனுக்குத் தனியாக ஒன்று, அவன் வந்தால் ஜனங்கள் மேலேயும் கொஞ்சம் வெளிச்சம் விழ வேண்டும், ஏனென்றால் அவன் பேசுவதே அவர்களோடுதான். வெள்ளை டேப் ஒட்டித் தமிழில் எழுதினோம். அண்ணன் முகம் அப்போதுதான் தெளிந்தது. இப்போது அவர் கையில் இருப்பது அவருக்குத் தெரிந்த வேலை. ஃபேடரை எவ்வளவு மெதுவாக ஏற்ற வேண்டும் என்பதை மத்தளம் சொல்லும், விரல் கேட்கும்.

அங்கேயும் ஒரு தகராறு வந்தது. சண்டை ஃபேடரை முழுக்க இறக்கினார், மேடை இருட்டாகவில்லை. முன் லைட் எரிந்துகொண்டே இருந்தது. அதே லைட்டை வேறொரு ஃபேடரும் பிடித்திருந்தது. எது அதிகமோ அதுதான் செல்லும் என்பது போர்டின் கணக்கு. நிறத்துக்கும் மூவிங் ஹெட் திரும்புவதற்கும் கணக்கு வேறு, கடைசியில் எது சொல்லப்பட்டதோ அது. "எறக்குனா எறங்கணும்டா, அதுக்குத்தான் ஸ்லைடரு" என்று அண்ணன் கோபப்பட்டார். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு லைட்டை இரண்டு ஃபேடரில் வைக்காமல் பிரித்துப் போட்டால் பாதிப் பிரச்சினை தீரும் என்று அப்படியே மாற்றினோம். தம்பிக்கு இது அழகில்லாத வேலையாகப் பட்டது. முகத்தைச் சுளித்துக்கொண்டே செய்தான்.

நல்ல கருவி வந்ததும் யாராவது ஒருவர் கல்கத்தாவின் மேடை ஒளியமைப்பாளர் தபஸ் சென் பெயரை எடுப்பார். 1959இல் மேடையில் நிலக்கரிச் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறுவதை வெறும் வெளிச்சத்தாலேயே காட்டியவர், அவரிடம் இந்தப் போர்டெல்லாம் இருந்ததா என்பார்கள். அன்றும் அந்தப் பேச்சு வந்தது. எனக்கு இதில் உடன்பாடில்லை. தனக்கு வேண்டியதைக் கையால் செய்துகொண்டவர் அவர், கருவியே வேண்டாம் என்றவர் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிப்பதைக் கலை என்று சொல்லிச் சொல்லியே எங்கள் தொழிலில் நல்ல ஒயர்கூட வாங்காமல் காலம் தள்ளிவிட்டோம். மைக் ஒயரிலேயே டிஎம்எக்ஸ் ஓட்டுகிறவர்கள் இன்னும் பாதிக்கு மேல். சிக்னல் எதிரொலித்துத் திரும்பாமல் இருக்கக் கடைசி லைட்டில் மாட்ட வேண்டிய 120 ஓம் டெர்மினேட்டரைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. லைட் நடுங்கினால் சைனா மால் என்று திட்டிவிட்டுப் போய்விடுவோம்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் புது போர்டு பழையதிடம் தோற்றது. இது உள்ளே முழுக் கம்ப்யூட்டர். ஆஃப் ஆனால் திரும்ப எழுந்து நிற்க நேரம் பிடிக்கிறது. 192 போர்டு ஸ்விட்ச் போட்டதும் தயார். ஈபி லைனிலிருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற அந்த நொடியில் என்ன ஆகும் என்று பாய்தான் கேட்டார், கேட்டுவிட்டு மெயினைப் பிடுங்கியும் காட்டினார். போர்டு வாங்கியவர் முகம் வெளுத்துவிட்டது. யூபிஎஸ் இல்லாமல் இது குடோனை விட்டு வெளியே போகக் கூடாது என்று அங்கேயே முடிவானது. லைட்டுகளின் மெனுவில், சிக்னல் போனால் அணைந்துவிடு என்பதற்குப் பதில் கடைசி நிலையில் நில் என்று மாற்றி வைக்கவும் பேசிக்கொண்டோம். அப்படி இருந்தால் போர்டு மட்டும் படுத்தாலும் மேடை இருட்டாகாது.

மற்றவை சில்லறை. போர்டின் லைப்ரரியில் எங்கள் மலிந்த பார்கள் இல்லை. சேனல் அட்டவணையைப் பார்த்து ஒவ்வொன்றாக நாமே எழுத வேண்டும், ஒரு தடவை எழுதினால் போதும். வேர்த்த விரலுக்கு டச் ஸ்கிரீன் சில நேரம் கேட்கவில்லை. வைகாசி ஒன்றாம் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் கூடுகிற கூட்டத்தையும் வெயிலையும் நினைத்தால் பகலில் இதைத் திறந்த வெளியில் வைக்க மனசு வராது. ஸ்கிரீன் வெளிச்சத்துக்கு ஈசல் வரும், அதற்கும் ஏதாவது செய்ய வேண்டும்.

கடைசியில் வாடகை எவ்வளவு வைப்பது என்ற பேச்சு வந்தது. போர்டை மட்டும் தனியாக விட முடியாது, ஓட்டுகிற ஆளும் கூடவே போக வேண்டும் என்றார் உரிமையாளர். தம்பிக்குச் செமஸ்டர் பரீட்சை. நான் வார நாளில் வர முடியாது. எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். டேப் ஒட்டிய பக்கத்தை வேறு யாரும் மாற்றாமல் பூட்டி வைக்க முடியுமா என்று கேட்டார். முடியும் என்றான் தம்பி. அப்படியானால் போகிறேன், ஆனால் முதல் இரண்டு ஊருக்கு 192 போர்டும் வண்டியில் ஏறும், அதற்குத் தனி வாடகை கேட்கக் கூடாது என்றார். உரிமையாளர் ஒத்துக்கொண்டார். யூபிஎஸ் யார் காசில் வாங்குவது என்பதில்தான் இன்னும் இழுபறி.